சங்கப் பதிவேட்டில் நம் பெயரும் வரவு செலவும் எல்லாருக்கும் தெரியத்தான் வேண்டுமா? (நியூசிலாந்து)

மணல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். ஆக்லாந்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த ஆண்டு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு வந்த புதிய சங்கச் சட்டப்படி மறுபதிவு செய்ய 2026 ஏப்ரல் 5 கடைசி நாள். செய்யாவிட்டால் சட்டத்தின் பார்வையில் சங்கமே இல்லாமல் போய்விடும். இது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் போன கூட்டத்தில் பேச்சு முழுக்க அரசின் சங்கப் பதிவேட்டிலேயே நின்றுவிட்டது. "என் பெயர் இணையத்தில் வரும் என்றால் நான் குழுவில் இல்லை" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். இருவருமே பல வருஷமாகப் பொங்கல் விழாவுக்கு ஓடியாடி வேலை செய்பவர்கள், விட்டுவிட மனசில்லை. பொருளாளரோ, "கணக்கை நம் உறுப்பினருக்குக் காட்டுகிறோம், அது போதாதா? போகிற வருகிறவனெல்லாம் ஏன் பார்க்க வேண்டும்?" என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். பொதுவில் எதெல்லாம் தெரியும்? உறுப்பினர் பட்டியலும் போய்விடுமா? அலுவலகம் இல்லாத சங்கம் எந்த முகவரியைக் கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஐயனார்குளம்:
தம்பி, நான் கணக்கர். சின்னச் சங்கங்கள் சிலவற்றுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன், அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதிவேட்டை நடத்துவது கம்பெனீஸ் ஆபீஸ் என்ற அரசு அலுவலகம். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல், உள்நுழையாமல் தேடலாம். சங்கத்தின் பெயரைத் தட்டினால் பதிவு எண், 9429 என்று தொடங்கும் 13 இலக்க வணிக எண், எந்தத் தேதியில் பதிவானது, இப்போது பதிவில் இருக்கிறதா நீக்கப்பட்டதா என்ற நிலை, பதிவு அலுவலக முகவரி, பொறுப்பாளர்களின் பெயர்கள் எல்லாம் வரும். அதற்குக் கீழே ஆவணங்கள்: சட்டதிட்டம், அதன் திருத்தங்கள், ஆண்டு அறிக்கை, நிதி அறிக்கை. எதையும் திறந்து படிக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் பட்டியல் போகாது. அது சங்கத்திடமே இருக்க வேண்டிய ஏடு. புதுச் சட்டப்படி அதைத் தவறாமல் புதுப்பித்து வைக்க வேண்டும், ஒவ்வொருவரும் சேரச் சம்மதித்ததற்கான பதிவும் இருக்க வேண்டும். ஆனால் பொதுவில் வைக்கத் தேவையில்லை. முன்பு குறைந்தது 15 பேர் வேண்டும், இப்போது 10 பேர் போதும். குழுவில் குறைந்தது 3 பேர், அவர்களில் பெரும்பாலானோர் உறுப்பினராக இருக்க வேண்டும்.

அப்புறம், தொடர்பாளர் என்று ஒருவர் முதல் மூன்று பேர் வரை பெயர் கொடுக்க வேண்டும். பதிவாளர் பேச வேண்டுமென்றால் இவர்களைத்தான் கூப்பிடுவார். இவர்களுடைய தொலைபேசியும் மின்னஞ்சலும் பதிவாளருக்கு மட்டும், பொதுப் பக்கத்தில் வராது. இதை உங்கள் குழுவில் சத்தமாகச் சொல்லுங்கள், பாதிப் பயம் இங்கேயே தீர்ந்துவிடும்.

பொறுப்பாளர் பெயர் மட்டும் கட்டாயம் வரும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில், சங்கத்தை யார் நடத்துகிறார்கள் என்று பதிவேட்டில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. சட்டதிட்டமும் வருஷக் கணக்கும் இருக்கும், அதற்குப் பின்னால் யார் என்று தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. சட்ட ஆணையம் 2013இல் புதுச் சட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்து, 2022 ஏப்ரலில் சட்டமாகி, 2023 அக்டோபர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. புதுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றமே இந்தப் பெயர் விஷயம்தான். சங்கத்தின் பெயரில் கடன் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றால், அவர் யார் என்று எதிரில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா?

சாமானியன்63:
சட்டம் போட்டவர்கள் ஆயிரம் உறுப்பினர் உள்ள ரக்பி கிளப்பை நினைத்துப் போட்டிருக்கிறார்கள். நாம் நாற்பது குடும்பம் சேர்ந்து தீபாவளி கொண்டாடுகிறவர்கள். நம் தலையில் ஏன் இவ்வளவு சுமை? அரசு இணையதளத்தில் நுழைய ரியல்மீ கணக்கு, சம்மதப் படிவம், ஆண்டு அறிக்கை, சட்டதிட்டத்தில் தகராறு தீர்க்கும் முறை. வயதானவர்கள் நடத்தும் சங்கங்கள் இதைப் பார்த்தே கடையை மூடிவிடுவார்கள். பதிவே வேண்டாம், நண்பர்கள் குழுவாக இருந்துகொள்வோம் என்றால் என்ன கெட்டுவிடும்?

ஐயனார்குளம்:
நண்பரே, அதுவும் ஒரு வழிதான், தப்பே இல்லை. பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவை விட்டால், சட்டத்தின் பார்வையில் சங்கமே ஒரு தனி ஆள் என்ற தகுதியும் போய்விடும். மண்டபம் யார் பெயரில் எடுப்பீர்கள்? உங்கள் பெயரில். மேடை சரிந்து ஒருவருக்குக் கால் முறிந்தால் யாரைக் கேட்பார்கள்? கையெழுத்துப் போட்ட உங்களைத்தான். மானியம் கொடுக்கும் லாட்டரி வாரியமும் நகர மன்றமும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் இந்தப் பதிவேட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள். நாற்பது குடும்பம் சாப்பாடு செய்து கொண்டுவந்து சேர்ந்து உண்ணுவது என்றால் பதிவே வேண்டாம். வருஷா வருஷம் மண்டபம், ஒலிபெருக்கி, தமிழ்ப் பள்ளி, மானியம் என்று போனால் வேண்டும்.

சுமை என்று சொன்னீர்களே, சின்னச் சங்கத்துக்குச் சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது. முந்தைய இரண்டு கணக்காண்டிலும் செலவு 50,000 டாலருக்குக் கீழே, நடப்புச் சொத்தும் 50,000 டாலருக்குக் கீழே, நன்கொடைக்கு வரிச் சலுகை பெற்ற அமைப்பும் இல்லை என்றால், கணக்கு எழுதும் தரத்தை வகுக்கும் வாரியத்தின் முறைப்படி எழுத வேண்டியதில்லை. வரவு செலவு, சொத்து கடன், அடமானம் ஏதாவது இருந்தால் அது, இவ்வளவு போதும். தணிக்கைக் கட்டாயம் வருவது வருஷச் செலவு 30 லட்சம் டாலரைத் தொடும் சங்கங்களுக்கு.

தகராறு தீர்க்கும் முறையை நீங்களே உட்கார்ந்து எழுதவும் வேண்டாம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை அப்படியே எடுத்துப் போட்டால் செல்லும்.

வடலிக்காற்று:
வணக்கம். நான் வெலிங்டனில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள். முகவரி விஷயத்தில் பயப்படுகிறவர்களை லேசாக எடுக்காதேங்கோ.

எங்கட சங்கம் தொடங்கின காலத்தில் செயலாளராக இருந்த அக்காவின் வீட்டு முகவரியைத்தான் பதிவு அலுவலகம் என்று போட்டிருந்தோம். அவ பொறுப்பை விட்டு எத்தனையோ வருஷம் கழிந்தும் அதை ஒருத்தரும் மாற்றவில்லை. சங்கத்துக்குள் ஒரு பிரச்சினை வந்தபோது, சம்பந்தமே இல்லாத அவவின் வாசலில் போய் நின்று ஒருவர் சத்தம் போட்டார். அவவுக்கு எழுபது வயது, தனியாக இருந்தவ. பதிவேட்டைப் பார்த்துத்தான் முகவரி எடுத்தேன் என்று அந்த மனிதரே பிறகு சொன்னார்.

அண்ணை சொன்ன மாதிரி பொறுப்பாளரின் பெயர் தெரியிறதில் எனக்கும் எதிர்ப்பு இல்லை. பெயர் வேறு, வாசல் வேறு. இந்த நாட்டுக் கம்பனிப் பதிவேட்டில் இயக்குநர்களின் வீட்டு முகவரி எல்லாருக்கும் தெரிகிறது என்பதில் எவ்வளவு காலமாகப் பிரச்சினை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கட சனத்தில் ஒருவரின் அரசியல் கருத்துப் பிடிக்கவில்லை என்றால் வீடு தேடி வருகிறவர்களும் இருக்கினம். பெண்களைக் குழுவுக்கு வாங்கோ என்று கூப்பிடுகிறோம், வந்தால் அவையின் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுக்கக் கூடாது.

ஐயனார்குளம்:
தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மணல்வீடு, உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

பதிவு அலுவலகம் நியூசிலாந்தில் உள்ள நிஜமான ஓர் இடமாக இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. ஆனால் அது செயலாளர் வீடாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கணக்கர் அலுவலகத்தைக் கேளுங்கள், சிலர் சும்மாவே சம்மதிப்பார்கள், சிலர் வருஷத்துக்கு ஒரு தொகை கேட்பார்கள். சமூகக் கூடங்களும் சில இடங்களில் ஒத்துக்கொள்ளும். உங்களுக்கு வரும் சட்டக் கடிதங்கள் அந்த வாசலுக்குத்தான் போகும். அதனால் கடிதம் வந்தால் உடனே சொல்லக்கூடிய ஆளாகப் பாருங்கள்.

மின்னஞ்சலும் அப்படித்தான். யாருடைய சொந்த மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். சங்கத்தின் பெயரில் ஒன்று தொடங்கி, குறைந்தது இரண்டு பேரிடம் கடவுச்சொல் இருக்கட்டும்.

தேன்மிட்டாய்:
நான் எந்தக் குழுவிலும் இல்லை. சந்தா கட்டும் சாதாரண உறுப்பினர். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

நான் முன்பு இருந்த ஊரில் ஒரு சங்கம். பெயர் வேண்டாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள், சாப்பாட்டுக்குப் போய்விடுவோம். ஒரு தடவை எனக்கு ஒரு சந்தேகம் வந்து கேட்டேன். "எல்லாம் முறையாகத் தாக்கல் ஆகியிருக்கிறது, கவலைப்படாதே அம்மா" என்றார் பெரியவர் ஒருவர். வீட்டுக்கு வந்து பதிவேட்டில் அந்தச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஆவணங்கள் வரிசையாகத் தேதியோடு இருக்கும் அல்லவா, மேலே இருந்த கடைசி நிதி அறிக்கையே மூன்று வருஷம் பழசு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்தப் பழைய அறிக்கையைத் திறந்தால் ஒரே பக்கம். வரவில் சந்தா, நுழைவுச்சீட்டு, நன்கொடை என்று மூன்று வரி. செலவில் "நிகழ்ச்சிச் செலவு" என்று ஒரே வரி, மொத்தத் தொகையும் அதிலேயே. மண்டபத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு எவ்வளவு, எதுவும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை அச்சடித்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. "தாக்கல் ஆகிவிட்டது என்றீர்கள், இங்கே இல்லையே, ஏன்?" என்று மட்டும் கேட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. யாரும் காசைத் தொடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பொருளாளருக்கு உடம்பு சரியில்லை, ரசீதுகள் ஒரு பெட்டியில் அப்படியே கிடந்தன, யாரிடமும் சொல்ல அவருக்குக் கூச்சம். இரண்டு பேர் போய் உட்கார்ந்து ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்துத் தாக்கல் செய்தார்கள்.

"உறுப்பினருக்குக் காட்டினால் போதாதா" என்று மணல்வீடு அண்ணாவின் பொருளாளர் கேட்டதற்கு என் பதில் இதுதான். காட்டுகிறேன் என்று சொல்கிறவரிடமே போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்றால் பாதிப் பேர் கேட்கவே மாட்டோம். நம் ஊர்ப் பெரியவரிடம், அதுவும் அங்கிள் என்று கூப்பிடுகிறவரிடம், கணக்குக் கேட்க நா எழாது. பதிவேட்டில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம், யார் முகத்தையும் முறிக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்.

வடலிக்காற்று:
பிள்ளை நல்லாச் சொல்லியிருக்கிறா.

பூட்டுச்சாவி:
திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். சென்னையில் எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன், அதனால் இந்த இழையை ஆசையாகப் படித்தேன்.

இங்கே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். வருஷா வருஷம் வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டினால் ஆவணங்களைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். ஆக, காகிதத்தில் வெளிப்படைத்தன்மை இங்கேயும் உண்டு. ஆனால் நம்மிடம் நன்கொடை கேட்டு வரும் சங்கத்தின் கணக்கை, அந்த வாசற்படியில் நின்றபடியே கைப்பேசியில் திறந்து பார்க்க முடியுமா என்றால், நீங்கள் சொல்லும் சுலபத்தில் முடியாது. மனு எழுதி, அலுவலகம் போய், எழுத்தரைப் பார்த்து, மறுபடி வரச் சொன்னால் மறுபடி போய் வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. படிவம் 7 இங்கே பெரிய சண்டைக்களம். சங்கம் இரண்டாகப் பிளந்தால் இரண்டு கோஷ்டியும் தனித்தனியே தேர்தல் நடத்தி, இரண்டு படிவம் கொடுப்பார்கள். எது செல்லும் என்று தீர்ப்புச் சொல்லப் பதிவாளருக்கு அதிகாரமில்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லிவிட்டது. உங்கள் ஊர் மின்பதிவேட்டில் இதே மாதிரி ஒருவர் ரியல்மீயில் நுழைந்து தன் கோஷ்டிப் பெயர்களைப் போட்டுவிட்டால்?

ஐயனார்குளம்:
முக்கியமான கேள்வி, நன்றி. பலரும் தப்பாக நினைக்கும் இடம் இது.

பதிவாளர் உங்கள் கூட்டத்துக்கு வந்து உட்காரவில்லை. தாக்கல் செய்யும் உரிமை பெற்றவர் என்ன எழுதினாரோ அதுதான் பதிவேட்டில் ஏறும். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், பதிவாளருக்கு விசாரிக்கும் அதிகாரமும் உண்டு. ஆனால் யார் உண்மையான தலைவர் என்பதைத் தீர்மானிப்பது சங்கத்தின் சட்டதிட்டமும், அதன்படி நடந்த கூட்டமும்தான். தகராறு முற்றினால் சங்கத்துக்குள் இருக்கும் தகராறு தீர்க்கும் முறை, அதையும் தாண்டினால் நீதிமன்றம்.

அதனால் பதிவேடு சரியாக இருக்க வேண்டுமென்றால் கூட்டக் குறிப்பு சரியாக இருக்க வேண்டும். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை வாக்கு, கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கோரம் இருந்ததா. பொறுப்பாளர் ஒவ்வொருவரும் பதவி ஏற்கச் சம்மதம் என்றும், தனக்குத் தகுதியின்மை எதுவும் இல்லை என்றும் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், கடன் தீராத திவாலானவர் போன்றவர்கள் இருக்கக் கூடாது. இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு எதிர்க் கோஷ்டி வேறு பெயர்களை ஏற்றினாலும், உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

மின்பதிவேட்டில் ஒரு பெரிய நன்மை, அப்படி யாராவது மாற்றினால் அன்றைக்கே தெரிந்துவிடும். அலமாரியில் கிடக்கும் கோப்பில் பெயர் மாறினால் யாருக்குத் தெரியும்? இங்கே எந்த உறுப்பினரும் பக்கத்தைத் திறந்து "இதென்ன புதுப் பெயர்?" என்று கேட்கலாம். அதற்காகத்தான் தேன்மிட்டாய் மாதிரி ஆட்கள் எல்லாச் சங்கத்திலும் வேண்டும் என்கிறேன்.

வங்கியையும் மறக்காதீர்கள். காசோலைக் கையெழுத்தை மாற்றப் போனால் வங்கிக்காரர் பதிவேட்டைத்தான் பார்க்கிறார். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணக்கைத் தொட முடியாமல் தவித்த சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று, ஊரை விட்டே போன பழைய பொருளாளர் பெயர் பதிவேட்டில் அப்படியே இருந்தது. பொறுப்பாளர் மாறினால் 20 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

சாமானியன்63:
ஐயா, நீங்கள் சொல்லும் சலுகைகள் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் மனக்குறை முழுசாகத் தீரவில்லை. ஆங்கிலம் சரியாகத் தெரியாத, கணினி பழக்கமில்லாத பெரியவர்கள் நடத்தும் சங்கங்கள் இந்த நாட்டில் எத்தனையோ. சுமார் 24,000 பதிவு பெற்ற சங்கங்கள் என்கிறார்கள். அதில் பூந்தோட்டச் சங்கமும் பஜனைச் சங்கமும் எத்தனை இருக்கும்! கடைசி நாள் தாண்டி, தங்களுக்கே தெரியாமல் பதிவேட்டிலிருந்து மறைந்துபோனால் அவர்கள் மண்டபமும் சேமிப்பும் என்னாகும்? வெளிப்படைத்தன்மை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கை கொடுக்கவும் ஆள் வேண்டும்.

ஐயனார்குளம்:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கம்பெனீஸ் ஆபீஸ் இணையத்தில் சட்டதிட்டம் தயாரிக்கும் கருவி ஒன்று வைத்திருக்கிறது, கேள்விக்குப் பதில் தட்டினால் வரைவு வந்துவிடும். அது நல்ல உதவி. ஆனால் அதைத் தட்டவும் ஒருவர் வேண்டும். பக்கத்து ஊர்ப் பஜனைச் சங்கத்துக்கு நம்மில் ஒருவர் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். ஹாமில்டன், டௌரங்கா பக்கம் யாருக்காவது தேவை என்றால் எனக்குத் தனிச்செய்தி போடச் சொல்லுங்கள்.

மணல்வீடு:
எல்லாருக்கும் மிகவும் நன்றி. நேற்று இரவு எங்கள் சங்கத்தின் பக்கத்தை முதல் ஆவணத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். தொண்ணூறுகளில் கொடுத்த பதிவு விண்ணப்பம் ஸ்கேன் ஆகி அப்படியே இருக்கிறது. தட்டச்சில் அடித்த சட்டதிட்டம், அதற்குக் கீழே பதினைந்து பேர் கையெழுத்து, ஒவ்வொருவருக்கும் எதிரே தொழிலும் வீட்டு முகவரியும். செவிலியர், பொறியாளர், மாணவர், இல்லத்தரசி. அதில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவர் பெயரைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருடைய பேத்தி எங்கள் தமிழ்ப் பள்ளியில் இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். சங்கம் யாரால் தொடங்கியது என்று எங்கள் விழா மலரில்கூடத் தப்பாகப் போட்டிருக்கிறோம். உண்மை இவ்வளவு காலமும் பதிவேட்டில் இருந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். நாங்கள் அறக்கட்டளைப் பதிவும் வாங்கியிருக்கிறோம். அப்படியானால் வருஷக் கணக்கை இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டுமா?

ஐயனார்குளம்:
வேண்டாம். அறக்கட்டளைப் பதிவைப் பார்க்கும் சேரிட்டீஸ் சர்வீசஸில் பதிந்த சங்கம் ஆண்டு அறிக்கையையும் நிதி அறிக்கையையும் அங்கே கொடுத்தால் போதும். அந்தப் பதிவேடும் பொதுதான், அங்கேயும் பொறுப்பாளர் பெயரும் கணக்கும் தெரியும். அதனால் பெயர் வெளியே வரக் கூடாது என்ற உங்கள் நண்பர்கள் பெயர் ஏற்கெனவே அங்கே இருக்கலாம், பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் மறுபதிவு, சட்டதிட்டத் திருத்தம், பொறுப்பாளர் மாற்றம், அலுவலக முகவரி எல்லாம் சங்கப் பதிவேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். அறக்கட்டளைப் பதிவு இருக்கிறதே என்று மறுபதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மணல்வீடு:
பார்த்தேன். இருவர் பெயரும் அந்தப் பதிவேட்டில் பல வருஷமாக இருக்கிறது! திரையை எடுத்து அனுப்பினேன். ஒருவர் கூப்பிட்டு, "வீட்டு முகவரியை எடுத்துவிட்டால் நான் தொடர்கிறேன்" என்றார். இன்னொருவர் இன்னும் யோசிக்கிறார், வற்புறுத்தப் போவதில்லை. குழுவில் இல்லாமலே விழா வேலை செய்யலாமே.

சிறப்புப் பொதுக்கூட்ட அறிவிப்பில் போட இருக்கும் தீர்மானங்கள் இவை, பிழை இருந்தால் சொல்லுங்கள். ஒன்று, இணைப்பில் உள்ள புதிய சட்டதிட்டத்தை ஏற்பது, தகராறு தீர்க்கும் முறைக்குச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையையே எடுத்துக்கொள்வது. இரண்டு, 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுபதிவுக்கு விண்ணப்பிக்கக் குழுவுக்கு அதிகாரம் கொடுப்பது. மூன்று, பதிவு அலுவலகத்தைக் கணக்கர் அலுவலகத்துக்கு மாற்றுவது. நான்கு, தொடர்பாளராக இருவரை நியமிப்பது.

ஐயனார்குளம்:
நன்றாக இருக்கிறது. இரண்டு விஷயம். பழைய சட்டதிட்டத்தில் திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பங்கு வாக்கு என்று எழுதியிருக்கிறதோ அதன்படியே கூட்டம் நடக்க வேண்டும், புதுசின்படி இல்லை. அப்புறம், சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து எந்த லாபநோக்கற்ற அமைப்புக்குப் போகும் என்று புதுச் சட்டதிட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வரைவில் அந்தப் பிரிவைக் காணவில்லை. அதைச் சேர்த்துவிட்டு அறிவிப்பை அனுப்புங்கள்.

மணல்வீடு:
சரி ஐயா, சேர்த்துவிடுகிறேன். எந்த அமைப்பு என்று இன்று இரவு குழுவில் கேட்டு முடிவு செய்கிறோம். அறிவிப்பு சனிக்கிழமை போகிறது.